கைக்கு ஒரு வேலை

உலகத்திலேயே மிகக் கசப்பான பொருளை யாரும் தேடிப் போகவில்லை. 1958-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் டி அண்ட் எச் ஸ்மித் என்ற மருந்து நிறுவனம் மரப்பு மருந்துகளை ஆராய்ந்துகொண்டிருந்தது. பல் பிடுங்கும் முன் டாக்டர் ஊசியில் ஏற்றுகிறாரே லிக்னோகெய்ன், அதன் உறவுக்காரப் பொருள்களில் ஒன்றைச் செய்து பார்த்தபோது தற்செயலாகக் கிடைத்தது டெனடோனியம் பென்சோயேட். பத்து லட்சம் பங்கு தண்ணீரில் பத்துப் பங்கு கலந்தால் போதும், பெரும்பாலானவர்களால் அதை விழுங்க முடியாது. தொழிற்சாலை ஸ்பிரிட்டை யாரும் குடித்துவிடக் கூடாதென்று அதில் இதைக் கலக்கிறார்கள். 2017-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் விளையாட்டுக் கருவியின் சின்னஞ்சிறு கார்டுகளில்கூட, குழந்தைகள் வாயில் போட்டுக்கொள்ளாமல் இருக்க இதைப் பூசினார்கள். நகம் கடிப்பதை நிறுத்துவதற்கென்று மருந்துக் கடையில் விற்கும் பூச்சுகள் பலவற்றிலும் இருப்பது இதுதான்.

நம் பாட்டிமார்களுக்கு எடின்பரோவின் உதவி தேவைப்படவில்லை. விரல் சூப்புகிற பிள்ளைக்கு, தாய்ப்பால் மறக்கடிக்க வேண்டிய பிள்ளைக்கு, நகம் கடிக்கிற பிள்ளைக்கு என்று எல்லோருக்கும் ஒரே வேப்பெண்ணெய்தான். அதற்கும் அடங்காத பிள்ளைக்கு, ‘நகம் கடித்தால் வீட்டுக்குத் தரித்திரம்’ என்ற மிரட்டல் இருந்தது. அதற்கும் மேலே முதுகில் ஒன்று விழும். கசப்பு, பயம், அடி மூன்றுக்கும் அடிப்படை ஒன்றே: செய்த பிறகு தண்டனை.

கசப்பு சுத்தமாக வீண் என்று சொல்லிவிட முடியாது. சிலருக்கு அது உதவுகிறது. ஆனால் கையால் பிசைந்து சாப்பிடுகிறவர்களுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. காலையில் பூசிய கசப்பு மதியம் ரசம் சாதத்தில் இறங்கிவிடும். சாப்பிட்டுக் கை கழுவியதும் பூச்சு பாதி போய்விடும், மீதியை நாக்கு பழகிக்கொள்ளும். வேப்பெண்ணெய் தடவிய விரலை முகம் சுளிக்காமல் சூப்பும் குழந்தைகளை எல்லா ஊரிலும் பார்க்கலாம்.

கசப்பு பாதிக் கிணறு மட்டும் தாண்டுவதற்கு இதைவிட முக்கியமான காரணம் ஒன்று இருக்கிறது. நாக்குக்குச் செய்தி போய்ச் சேரும்போது விரல் ஏற்கெனவே பற்களுக்கிடையில் இருக்கிறது. கை மடியிலிருந்து கிளம்பி, மோவாயைத் தடவி, உதட்டை எட்டி, முன்பற்களுக்கு நடுவே சரியான விளிம்பைத் தேடிப் பொருத்திய பயணம் முழுவதும் அந்த ஆளுக்குத் தெரியாமலே நடந்து முடிந்திருக்கும். நகம் கடிப்பவரிடம் ‘ஏன் கடிக்கிறாய்?’ என்று கேட்டால் பதில் வராது. பயணம் தொடங்கியதே தெரியாதவரிடம் ஏன் போனாய் என்று கேட்டு என்ன பயன்?

ஆகவே கேள்வியை மாற்றிப் போட வேண்டும். கை எப்போது கிளம்புகிறது?

பதற்றத்தில் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். கிரிக்கெட்டில் கடைசி ஓவர், தேர்வு முடிவு வரும் காலை, ஆபரேஷன் தியேட்டர் வாசல். சினிமாவில் பதற்றத்தைக் காட்ட வேண்டுமானால் நடிகர் விரலை வாய்க்குக் கொண்டுபோகிறார். அது பொய்யில்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. 2007-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், நகம் கடிக்கும் கல்லூரி மாணவர்களைப் பலவிதமான சூழல்களில் உட்கார வைத்துக் கவனித்தார்கள். ஒன்றில் செய்வதற்கு எதுவுமே இல்லை, தனியாகச் சும்மா இருக்க வேண்டும். இன்னொன்றில் கடினமான கணக்குகள். மற்றொன்றில் எதிரே ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். வேறொன்றில் நகம் கடிக்கும் ஒவ்வொரு முறையும் கண்டித்தார்கள். சும்மா இருந்தபோதும் கணக்குப் போட்டபோதும்தான் மாணவர்கள் அதிகம் கடித்தார்கள். பேச்சுத் துணை இருந்தபோதும் கண்டிக்க ஆள் இருந்தபோதும் குறைவாகக் கடித்தார்கள்.

இந்தக் கடைசி விஷயத்தைப் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும். அம்மா முறைத்தால் பிள்ளையின் கை இறங்குகிறது, அவர் சமையலறைக்குப் போனதும் ஏறுகிறது. திட்டுவது வேலை செய்கிறது என்று நமக்குத் தோன்றுவதற்கும், பத்து வருடம் திட்டியும் பழக்கம் போகாததற்கும் காரணம் இதுதான். திட்டு கேட்கிற நேரத்துக்கு மட்டும் கட்டுப்படுகிற கை அது.

2015-ல் கனடாவின் மாண்ட்ரியல் ஆராய்ச்சியாளர்கள் இன்னொரு பக்கத்திலிருந்து பார்த்தார்கள். நகம் கடிப்பது, தோலைக் கிள்ளுவது, முடியைப் பிடுங்குவது போன்ற பழக்கங்கள் உள்ள 24 பேரையும் இல்லாத 24 பேரையும் சலிப்பு, எரிச்சல், பதற்றம், நிம்மதி ஆகிய நான்கு நிலைகளுக்குக் கொண்டுபோனார்கள். நிம்மதியாக இருந்தபோது இருந்ததைவிட, சலிப்பிலும் எரிச்சலிலும் பழக்கக்காரர்களுக்கு உந்துதல் கூடியது. இவர்களிடம் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்ற பிடிவாதம் சற்றுத் தூக்கலாக இருக்கலாம் என்பது அந்தக் குழுவின் கருத்து. வேலை தேங்கி நிற்பதும் நேரம் வீணாவதும் அவர்களால் தாங்க முடியாதவை. நகம் கடிப்பவர்களைச் சோம்பேறிகள், கோழைகள் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்கும்.

கூர்ந்து பார்த்தால் கடித்தல் பெரும்பாலும் ஒரு சீர்திருத்த வேலையாகவே தொடங்குகிறது. கட்டைவிரல் மற்ற விரல்நுனிகளைத் தடவிக்கொண்டே போகும். எங்காவது ஒரு பிசிறு தட்டுப்படும். அதைச் சரிசெய்ய வேண்டும். நகவெட்டி கையில் இல்லை, பல் எப்போதும் உடன் இருக்கிறது. பல்லால் கடித்த விளிம்பு நேராக வராது, இன்னொரு பிசிறு மிஞ்சும். பிறகு அதற்கொரு கடி. சதை தெரிகிற வரை போனாலும் இந்தக் கணக்கு முடிவதில்லை. இப்போது இதற்குக் கைப்பேசியும் துணை சேர்ந்திருக்கிறது. ஒரு கை திரையைத் தள்ளுகிறது, மறு கைக்கு வேலை இல்லை.

நூறு ஆண்டுகளுக்கு முன் உளப்பகுப்பாய்வாளர்கள் இதற்கு வேறு கதை சொன்னார்கள். குழந்தைப் பருவத்தில் வாய்வழி இன்பம் சரியாகக் கிட்டாதவர் வளர்ந்த பின்னும் அதைத் தேடுகிறார் என்று ஃபிராய்டின் வழிவந்தவர்கள் விளக்கினார்கள். கேட்க நன்றாக இருக்கும், சோதிக்க வழியில்லை. ஜப்பானிய இரட்டைக் குழந்தைகளிடம் நடந்த ஆய்வு மரபணுக்களுக்கும் இதில் பங்குண்டு என்று காட்டியது. எலிகளிடம் கண்டது இன்னும் விசித்திரம். ஹாக்ஸ்பி8 என்ற மரபணு பழுதான சுண்டெலிகள் தங்கள் ரோமத்தை நக்கி நக்கியே வழுக்கையாக்கி, புண்ணும் ஆக்கிக்கொண்டன. நோபல் பரிசு பெற்ற மரியோ கபேக்கியின் ஆய்வகம் 2010-ல் இந்தச் சுண்டெலிகளுக்கு நல்ல எலிகளின் எலும்பு மஜ்ஜையை மாற்றிப் பொருத்தியபோது பலவற்றுக்குப் பழக்கம் குறைந்து ரோமம் திரும்ப முளைத்தது. மூளையில் உலவும் மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்கள் சம்பந்தப்பட்டிருப்பதாக அவர்கள் முடிவுக்கு வந்தார்கள். நகம் கடிக்கும் மனிதருக்கு மஜ்ஜை மாற்ற யாரும் சொல்லவில்லை. ஆனால் உடம்பைச் சீர்செய்யும் செயல் எல்லா விலங்குக்கும் உள்ளே எழுதப்பட்டிருக்கிறது, சிலரிடம் அதை நிறுத்தும் பிரேக் தளர்வாக இருக்கிறது என்று புரிந்துகொண்டால், ஒழுக்கக் குறைவு என்ற பேச்சை விட்டுவிடலாம்.

இது நோயா? சாதாரணமாக இல்லை. மூன்று நான்கு வயதுக்கு முன் அரிதாகவே தொடங்கும், பள்ளிப் பருவத்திலும் பதின்பருவத்திலும் உச்சத்துக்குப் போகும், பலருக்குத் தானாகவே விட்டுப்போகும். கணக்குகள் ஆய்வுக்கு ஆய்வு மாறினாலும், மக்களில் 20 முதல் 30 சதவீதம் பேர் கடிப்பதாகப் பொதுவாகச் சொல்கிறார்கள். ரத்தம் வருகிற அளவுக்குக் கடித்து, நிறுத்த முயன்றும் முடியாமல், கையை வெளியே காட்டக் கூசுகிறவர்களின் நிலை மட்டும் வேறு. 2013-ல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, முடி பிடுங்குதலும் தோல் கிள்ளுதலும் இருக்கும் குடும்பத்தின் ஓரத்தில் இந்தக் கடுமையான வகைக்கும் இடம் கொடுத்திருக்கிறது.

தீங்குகள் தெரிந்தவைதான். நகக்கண் கிழிந்து கிருமி புகுந்தால் நகச்சுத்தி, எலுமிச்சம்பழத்தைக் குடைந்து விரலில் செருகிக்கொண்டு தூங்காமல் கழிக்கும் இரவுகள். விரலில் மரு இருந்தால் உதட்டுக்கும், உதட்டுப் புண் விரலுக்கும் மாறிப் பரவும். கீரிப்பூச்சியின் முட்டை நகத்தடியிலிருந்து நேராக வயிற்றுக்குப் போகும். முன்பற்கள் தேயும், பல்லுக்குக் கம்பி கட்டியிருக்கும் பிள்ளைகளுக்குப் பல்வேர் தேய்வதும் உண்டு. 2007-ல் வந்த ஓர் ஆய்வில், குடலில் வாழும் என்டெரோபாக்டீரியா வகைக் கிருமிகள் நகம் கடிக்கும் பிள்ளைகளில் 76 சதவீதத்தினரின் எச்சிலில் இருந்தன. கடிக்காதவர்களில் ஏறக்குறைய 26 சதவீதம்தான்.

இதே கிருமிகளின் விஷயத்தில் ஒரு நல்ல செய்தியும் இருக்கிறது. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972-73-ல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை அன்றிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் தொடர்ந்து கவனித்துவருகிறார்கள். 13 வயதில் அவர்களின் தோலில் ஒவ்வாமைச் சோதனை செய்தபோது, விரல் சூப்புதலோ நகம் கடித்தலோ இல்லாதவர்களில் 49 சதவீதத்தினருக்கு ஏதோவொரு ஒவ்வாமை காட்டியது. இரண்டு பழக்கமும் இருந்தவர்களில் அது 31 சதவீதம்தான். சின்ன வயதில் கிருமிகளோடு பழகிய உடம்பு தேவையில்லாமல் சண்டைக்குப் போவதில்லை என்ற கருத்துக்கு இது ஒத்துப்போகிறது. ஆனால் ஆஸ்துமாவிலோ தும்மல் நோயிலோ வித்தியாசம் தெரியவில்லை. அதனால் பிள்ளைகளைக் கடிக்க விடுங்கள் என்று ஆய்வாளர்கள் சொல்லவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை கடிப்பதைப் பார்த்து ஒரேயடியாகப் பதற வேண்டாம் என்பதற்கு இது போதும்.

விட நினைப்பவருக்கு வழி சொன்னவர்களில் முதன்மையானவர் நேதன் அஸ்ரின். ஹார்வர்டில் பி. எஃப். ஸ்கின்னரிடம் படித்தவர். ஸ்கின்னரின் மாணவர் என்றால் அந்தக் காலத்தில் புறாவும் எலியும்தான். அஸ்ரின் தண்டனை என்பதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். எவ்வளவு கடுமையாக, எவ்வளவு சீக்கிரம் தண்டித்தால் ஒரு செயல் அடங்கும், தண்டனையை எடுத்ததும் எவ்வளவு வேகமாகத் திரும்பும் என்று அளந்து பார்த்தவர். ஹோல்ஸ் என்பவரோடு சேர்ந்து 1966-ல் அவர் தண்டனையைப் பற்றி எழுதிய அத்தியாயம் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. இலினாய் மாநிலத்தின் அன்னா என்ற சிற்றூரில் உள்ள அரசு மனநல மருத்துவமனையில் வேலை செய்தபோது, தண்டனையை இவ்வளவு அறிந்த இந்த மனிதர் நகம் கடிப்பதற்குத் தண்டனையைப் பரிந்துரைக்கவே இல்லை.

1973-ல் அஸ்ரினும் ஆர். கிரெகரி நன்னும் வெளியிட்ட கட்டுரை 12 பேரைப் பற்றியது. சிலருக்கு நகம், சிலருக்கு விரல் சூப்புதல், சிலருக்கு உடல் வெட்டி இழுத்தல். அவர்கள் சொல்லிக்கொடுத்தது எளிமையானது. முதல் வேலை, தன் பழக்கத்தைத் தானே கண்டுபிடிப்பது. கண்ணாடி முன் நின்று, கை வாய்க்குப் போகும் பாதையை மெதுவாக நடித்துப் பார்க்க வேண்டும். எந்தத் தசை முதலில் இறுகுகிறது? கடிப்பதற்கு முன் விரல் எதைத் தொடுகிறது? எந்த இடத்தில், எந்த நேரத்தில், யாரோடு இருக்கும்போது? பழக்கத்தால் வந்த தொல்லைகளை ஒரு தாளில் எழுதிவைக்க வேண்டும்.

இரண்டாவது வேலைதான் இந்த முறையின் உயிர். பழக்கத்தோடு ஒரே சமயத்தில் செய்ய முடியாத வேறு ஒன்றை அதே தசைகளைக் கொண்டு செய்ய வேண்டும். நகம் கடிப்பவருக்கு அவர்கள் கொடுத்தது, கையைக் கீழே விட்டு முஷ்டியை இறுக்குவது. கை கிளம்பும்போதும், கிளம்பப் போகிறது என்று தோன்றும்போதும், ஏற்கெனவே கடித்துவிட்டிருந்தாலும், மூன்று நிமிடம் முஷ்டி. பிற்காலத்தில் இதை ஒரு நிமிடமாகக் குறைத்தார்கள். பஸ்ஸில் கைப்பிடியை இறுகப் பிடித்தாலும், பேனாவை அழுத்திப் பிடித்தாலும் இதே கணக்குதான். பக்கத்தில் இருப்பவருக்கு எதுவும் தெரியாது. வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு வேலை கொடுத்தார்கள். கடிக்காமல் இருந்ததைக் கவனித்துச் சொல்ல வேண்டும், மறந்தபோது மெதுவாக நினைவூட்ட வேண்டும். திட்டக் கூடாது.

12 பேருக்கும் பழக்கம் முதல் நாளிலேயே ஏறக்குறைய நின்றுவிட்டது என்றும், சொன்னதைத் தொடர்ந்து செய்த 11 பேருக்குத் திரும்பவில்லை என்றும் அவர்கள் எழுதினார்கள். இவ்வளவு பளபளப்பான முடிவைப் பார்த்தால் சந்தேகம் வரத்தான் வேண்டும். சின்னக் கூட்டம், ஆர்வத்தோடு வந்தவர்கள், அவர்களே சொன்ன கணக்கு. இருவரும் 1977-ல் எழுதிய புத்தகத்துக்கு, ஒரே நாளில் பழக்கத்தைக் கட்டுப்படுத்தலாம் என்ற பொருளில் தலைப்பும் வைத்தார்கள். அந்தத் தலைப்பை நான் நம்பமாட்டேன். ஆனால் முறை நிலைத்துவிட்டது. 1992-ல் கசப்புப் பூச்சையும் மாற்றுச் செயலையும் நேருக்கு நேர் ஒப்பிட்டபோது இரண்டிலும் நகம் வளர்ந்தது. விரல் தோலின் காயம் ஆறியதிலும், பழக்கம் தன் பிடியில் இருக்கிறது என்ற உணர்விலும் மாற்றுச் செயல்தான் முந்தியது.

ஏன் வேறொரு செயல் வேண்டும்? கையைச் சும்மா வைத்திருக்கச் சொன்னால் போதாதா? அமெரிக்காவின் எம்.ஐ.டி-யில் ஆன் கிரேபியல் பல ஆண்டுகளாக எலிகளிடம் இதைத்தான் தோண்டிவருகிறார். ‘டி’ எழுத்து வடிவில் ஒரு பாதை. முனையில் திரும்பினால் சாக்லேட் பால். பாதை புதிதாக இருக்கும்போது, மூளையின் அடியில் இருக்கும் ஸ்ட்ரையேட்டம் என்ற பகுதியின் நரம்பணுக்கள் வழி நெடுகச் சுறுசுறுப்பாக இருந்தன. பழகிய பிறகு அவை தொடக்கத்திலும் முடிவிலும் மட்டும் துடித்தன, நடுவில் அமைதி. முழுப் பயணமும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டுவிட்டது. ஒரு முனையை இழுத்தால் மறுமுனை வரை தானாக வரும்.

2012-ல் அதே ஆய்வகம் இன்னும் ஒரு படி போனது. சாக்லேட் பாலைக் குமட்டலோடு இணைத்துவிட்ட பிறகும், பழக்கத்தின் காரணமாக எலிகள் அந்தப் பக்கமே திரும்பின. நெற்றிப் பக்கத்து மூளையின் ஒரு சிறு பகுதியை ஒளி பாய்ச்சி அணைத்தபோது ஓட்டம் நின்றது, எலி யோசித்து வேறு பக்கம் திரும்பியது. பிறகு அந்த வேறு பக்கமே அதற்குப் புதிய பழக்கமாகிவிட்டது. அப்போது மறுபடியும் ஒளியைப் பாய்ச்சினார்கள். புதிய பழக்கம் அணைந்தது, பழையது எழுந்து வந்தது! அது அழிந்திருக்கவில்லை, புதியதன் அடியில் கிடந்திருக்கிறது. பத்து வருடம் கடிக்காமல் இருந்தவர் ஒரு கோர்ட் வழக்கின்போது மறுபடி கடிக்கத் தொடங்குவது இதனால்தான் என்று எலியை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பொருந்துகிறது. பழையதை அழிக்க வழியில்லை என்றால், அதே அழைப்புக்கு முந்திக்கொண்டு பதில் சொல்லும் ஒன்றை வளர்ப்பதுதான் மிச்சமிருக்கும் வேலை. சும்மா இருப்பது ஒரு செயல் அல்ல, அதனால் அது பழக்கமும் ஆகாது.

ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஸ்டெஃபன் மோரிட்ஸ் என்ற ஆய்வாளர் இந்த மாற்றுச் செயல்களை வகைவகையாகச் சோதித்துவருகிறார். அவருடைய பழைய உத்தி ஒன்று சுவாரசியமானது. கையைத் தடுக்க வேண்டாம், வழக்கம்போல முகத்தை நோக்கிக் கிளம்பட்டும், கடைசி நொடியில் சட்டென்று திருப்பிக் காதையோ வேறிடத்தையோ தொடச் செய்யுங்கள் என்றார். 2023-ல் வந்த அவர் குழுவின் ஆய்வு இன்னும் மென்மையானது. 268 பேரில் ஒரு பகுதியினரை, விரல்நுனிகளை ஒன்றோடொன்று லேசாக உரசவோ, உள்ளங்கையையோ கையின் பின்புறத்தையோ மெதுவாக வருடவோ சொன்னார்கள். தினம் இரண்டு முறையாவது பயிற்சி, பிறகு உந்துதல் வரும்போதெல்லாம். ஆறு வாரங்களில் இவர்களில் சுமார் 53 சதவீதம் பேர் ஓரளவாவது முன்னேறினார்கள், காத்திருப்புப் பட்டியலில் வைக்கப்பட்டவர்களில் 20 சதவீதம்தான். நகம் கடிப்பவர்கள்தான் அதிகம் பலன் கண்டார்கள். செலவில்லை, பக்க விளைவில்லை. எஞ்சிய கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இது போதவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மாத்திரையில் முடிந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. என்-அசிட்டைல்சிஸ்டீன் என்ற மருந்தைச் சிறுவர்களிடம் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் மாதத்தில் பலன் தெரிந்தது, இரண்டாம் மாத முடிவில் வெற்று மாத்திரைக்கும் அதற்கும் வித்தியாசம் இல்லை. விரலில் சீழ், நகம் உருக்குலைந்து வளர்தல், கூடவே மனச்சோர்வு அல்லது கட்டுக்கடங்காத வேறு பழக்கங்கள் என்று இருந்தால் தோல் மருத்துவரையோ மனநல மருத்துவரையோ பார்க்க வேண்டியதுதான். மற்றவர்கள் முதலில் முஷ்டியை முயலலாம்.

எத்தனை நாள் ஆகும்? 21 நாள் என்று எல்லாச் சுயமுன்னேற்றப் பேச்சாளரும் சொல்வார்கள். 1960-ல் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய எண் அது. மூக்கைத் திருத்திக்கொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழக மூன்று வாரமாவது ஆகிறது என்று அவர் கவனித்ததை, எல்லாப் பழக்கத்துக்கும் விதியாக்கிவிட்டார்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலி 96 பேரிடம் ஒரு புதிய செயல் தானாக வர எத்தனை நாளாகிறது என்று பார்த்தபோது நடுவெண் 66 நாளாக இருந்தது. 18 நாள் முதல் 254 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறியது. இடையில் ஒருநாள் தவறியதால் எதுவும் கெட்டுவிடவில்லை என்பதும் அதில் தெரிந்தது. ஒருநாள் கடித்துவிட்டு ‘எல்லாம் போச்சு’ என்று விட்டுவிடுகிறவர்களுக்கு இதைத்தான் சொல்ல வேண்டும்.

நகத்துக்கும் ஒரு நாள்கணக்கு உண்டு. வில்லியம் பீன் என்ற அமெரிக்க மருத்துவர் தன் கட்டைவிரல் நகத்தில் மாதாமாதம் ஒரு கோடு கீறி, அது நுனிக்கு வந்து சேரும் நாளை 35 ஆண்டுகள் குறித்துவைத்தார். 32 வயதில் நாளுக்கு 0.123 மில்லிமீட்டர் வளர்ந்த நகம் 67 வயதில் 0.095-ஆகக் குறைந்திருந்தது. பொதுவாகக் கைநகம் மாதத்துக்கு மூன்று மில்லிமீட்டர் வளரும், அடியிலிருந்து நுனி வரை முழுசாகப் புதுப்பிக்க ஆறு மாதம் ஆகும். நாம் கடிப்பது செத்துப்போன கெரட்டின் தகடு. உயிருள்ள நக வேர் தோலுக்குள் பத்திரமாக இருப்பதால்தான், வருடக்கணக்கில் கடித்த விரலிலும் நகம் பெரும்பாலும் ஒழுங்காகத் திரும்பி வருகிறது. படுக்கும் முன் நகக்கண்ணில் இரண்டு துளித் தேங்காய் எண்ணெய் தடவினால் தோல் உரிந்து பிசிறாவது குறையும்.

நிறுத்திய இரண்டு மூன்று வாரத்தில் விரல்நுனியைத் தாண்டி ஒரு மெல்லிய வெள்ளை விளிம்பு தலைகாட்டும். பலர் தோற்பது அந்த வாரத்தில்தான். கடிப்பதற்கு ஏதாவது வந்துசேர்வதே அப்போதுதான். அந்த வாரம் முழுவதும் சட்டைப் பையிலோ கைப்பையிலோ ஒரு சின்ன நக அரம் இருக்கட்டும். கட்டைவிரலுக்குப் பிசிறு தட்டுப்பட்ட உடனே தேய்த்துவிடலாம்.